செசிலி துடைத்த தேமல்

நாகர்கோவில் வேப்பமூட்டுப் பக்கம் இருக்கும் தாணுவின் ஸ்டுடியோவில் முகங்களைத் திருத்துவது செசிலியின் வேலை. முன்னால் கண்ணாடிக் கதவும் மேசையும், நடுவில் விளக்குகள் நிற்கும் படம்பிடிக்கிற அறை, அதற்கும் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறையில் கம்ப்யூட்டர் முன்னால் பதினொரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். காலையில் குளச்சலில் இருந்து எட்டேகால் பஸ்ஸில் வருவாள். சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் திரும்பிப் போவாள். கணவன் ததேயுஸ் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன்.

இப்படிப் படங்களை டச்சப் செய்ய இந்த ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பலர் கைபட்ட முகம் மெழுகில் வார்த்தது மாதிரி ஆகிவிடும். செசிலி அப்படி விடமாட்டாள். பருவை எடுப்பாள், பருவுக்குக் கீழே கிடக்கும் தோலை அப்படியே வைப்பாள். கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பை முழுக்க வெளுக்காமல் பாதி குறைப்பாள். மயிர்க்கால்கள் இருக்கும், உதட்டின் வரி இருக்கும், மூக்கின் ஓரத்து எண்ணெய் மினுக்கம்கூட ஒரு துளி இருக்கும். படத்தை வாங்குகிறவர்களுக்கு அதில் யாரோ கைவைத்தது தெரியாது. தங்கள் முகமே இவ்வளவு லட்சணமானது என்று நம்பிக்கொண்டு போவார்கள். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

வெளியே வந்து யாரையும் பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை. ஆனால் எல்லோரையும் தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காரும் பெண்ணின் தாடையில் சிறுவயதுத் தழும்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு இவள் யாரோ.

நந்தனாவும் அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தவளானாள். தக்கலைப் பக்கத்துப் பெண். பி.காம் முடித்த கையோடு, அழகு நிலையம் தொடங்கிய ஒரு தோழிக்காக மணப்பெண் அலங்காரத்தில் படம் எடுத்துக்கொள்ள வந்தாள். அது ஒரு ஜூன் மாதம். நல்ல மாநிறம், நீண்ட கழுத்து, காமிராவைப் பார்க்கத் தயங்காத கண்கள். தாணு படம் எடுத்துவிட்டு உள்ளே வந்து, “செசிலி, இது முன்னால கண்ணாடியில வைக்க வேண்டிய படம். பாத்துச் செய்யி” என்றார்.

இடது கன்னத்தில், கண்ணின் வெளிக்கோடிக்குக் கொஞ்சம் கீழே, கட்டைவிரல் நகம் அளவுக்கு வெளிறிய ஒரு தேமல். மேக்கப் அதை முழுக்க மறைக்கவில்லை. செசிலி அதை ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டாள். மூன்றடி உயரத்தில் அந்தப் படம் ஸ்டுடியோ வாசலில் நின்றது. அதைப் பார்த்துவிட்டு, “இதுபோல எனக்கும் வேணும்” என்று கேட்டு வந்தவர்கள் அந்த வருஷம் நிறையப் பேர்.

அடுத்த வருஷம் மே மாதம் நந்தனா மறுபடி வந்தாள். அதே தோழியின் விளம்பரத்துக்காகத்தான். கடும் வெயில்; படம்பிடிக்கும் அறையில் ஏசி சரியாக வேலை செய்யாத நாள். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்தத் தேமல் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஓரம் லேசாகத் தடித்துச் சிவந்திருந்தது. செசிலியின் கை அங்கே கொஞ்சம் நின்றது. கன்னம் முழுக்க வியர்வை பொடிப்பொடியாகப் பூத்திருந்தது. அந்த வட்டத்துக்குள் மட்டும் ஒரு பொட்டு வியர்வை இல்லை. பூனைமுடியும் இல்லை. விசித்திரமாக இருக்கிறதே என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, வலது கன்னத்தில் இருந்து நாலு வியர்வைத் துளிகளை எடுத்து இடது கன்னத்தில் வைத்தாள். இயல்பாக வந்துவிட்டது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது அந்த நாலு துளிகளை நினைத்து அவள் தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

மூன்றாவது தடவை, அதற்கடுத்த மார்ச் மாதம். நந்தனாவுக்கு வரன் பார்க்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பப் படம் வேண்டும் என்று அவள் அம்மை நாகம்மையே கூட்டிக்கொண்டு வந்தாள். தேமல் இப்போது கன்ன எலும்பைத் தாண்டிக் கண்ணோரம் வரை வந்திருந்தது. காதுமடலிலும் சின்னதாக ஒன்று.

அதே வாரம் ஸ்டுடியோவுக்கு ஒரு நோட்டீஸ் வேலை வந்தது. தாணு கல்யாணக் கார்டு, நோட்டீஸ் எல்லாம் அச்சடித்துக் கொடுப்பதுண்டு, வடிவமைப்பதும் செசிலிதான். இது ஒரு மருத்துவ முகாமுக்கான நோட்டீஸ். கொடுத்திருந்த வாசகங்களை வரிசையாகத் தட்டச்சு செய்துகொண்டே வந்தாள். ‘வெளிறிய அல்லது சிவந்த தேமல். தேமலில் உணர்ச்சிக் குறைவு. வியர்வை இல்லாமை. முடி உதிர்தல். தொழுநோயாக இருக்கலாம். தொடக்கத்திலேயே வந்தால் முழுமையாகக் குணமாகும். மருந்து இலவசம்.’ கூடவே நாலு படங்கள்.

அந்த நாலு படங்களில் இரண்டாவது, நந்தனாவின் கன்னம் போலவே இருந்தது.

செசிலி எழுந்து போய்த் தாணுவை அழைத்துக்கொண்டு வந்தாள். “அண்ணே, இத ஒண்ணு பாருங்க. அந்த நந்தனா பிள்ளைக்க கன்னத்துல இருக்கது இதுபோலத்தான் இருக்கு.”

தாணு இரண்டு படங்களையும் பார்த்தார். அறைக்கதவைச் சாத்தினார்.

“நீ டாக்டரா செசிலி?”

“இல்ல அண்ணே.”

“நானும் இல்ல. பொறவு நாம எப்படிச் சொல்லுகது? வெறும் தேமலா இருந்தா? அந்தப் பிள்ளைக்கு இப்பம் கெட்டு பேசிட்டிருக்காவ. இந்த ஒரு வார்த்த வெளிய விழுந்தா போரும். ஊரு முழுக்கப் பரவீரும். பொறவு எந்த மாப்பிள வீட்டுக்காரன் வருவான்?”

“தேமலா இருந்தா நல்லதுதானே. ஒருக்க ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்தா…”

“அவியளுக்க வீட்டுல கண்ணாடி இருக்கு. அவியளே பாக்கட்டு” என்றார் தாணு. குரலில் கோபம் இல்லை. அவருக்கும் அது பிடிக்காத பேச்சாகத்தான் இருந்தது.

கண்ணாடியில் தினம் பார்க்கிறவர்களுக்கு வளர்வது தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை, பெரிதாக்கி, பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஒருத்திக்குத்தான் தெரியும். அதைச் சொல்லச் செசிலி வாயெடுத்தாள். சொல்லவில்லை. தாணு சொன்னதில் நியாயம் இருந்தது என்பதைவிட, அது அவளுக்கு வசதியாக இருந்தது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஆர்டர் சீட்டில் இருந்த நம்பரைப் பார்த்துத் தன் போனில் இருந்து கூப்பிட்டாள்.

“ஹலோ, ஸ்டுடியோவுல இருந்து பேசுகேன்.”

“சொல்லுங்கக்கா.” நல்ல தெளிவான குரல். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

தொழுநோய் என்று சொல்லத்தான் செசிலி கூப்பிட்டாள். கண் ஆர்டர் சீட்டில் பிரேம் நிறம் எழுதாமல் விட்டிருந்த இடத்தில் போய் நின்றது.

“படம் ரெடியாயிட்டு. பிரேமு என்ன கலர்ல வேணும்னு கேக்கத்தான் விளிச்சேன்.”

“இருங்க, அம்மைக்கிட்ட கேக்கேன்.” கொஞ்சம் கழித்து, “கறுப்பு போரும்க்கா” என்றாள்.

செசிலி சீட்டில் ‘கறுப்பு’ என்று எழுதினாள். அந்தப் படத்தில் கன்னத்துத் தேமலையும் காதுமடலில் இருந்ததையும் சுத்தமாகத் துடைத்தாள். அந்தப் படம்தான் மஸ்கட்டில் வேலை பார்க்கும் அஜினின் வீட்டுக்குப் போனது. அவர்களுக்குப் பிடித்துவிட்டது. தை மாதம் கல்யாணம் என்று நிச்சயித்தார்கள்.

பிறகு ஏழு மாதம் செசிலி அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஸ்டுடியோவுக்குள் நுழையும்போது வாசலில் நிற்கும் மூன்றடிப் படத்தைப் பார்க்காமல் வலதுபக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு போகப் பழகியிருந்தாள்.

அக்டோபரில் அஜின் லீவில் வந்தான். கல்யாணத்துக்கு முன்னால் இருவரையும் சேர்த்துப் படம் எடுக்கத் தாணு முட்டம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். படங்கள் செசிலியிடம் வந்தன. பாறைமேல் இருவரும் நெற்றியோடு நெற்றி வைத்துக் கண்மூடி நிற்கிற காட்சி. பெண்ணின் வலது கண் மூடியிருந்தது. இடது கண்ணில் இமை பாதிவரை வந்து நின்று, கீழே வெள்ளை விழி தெரிந்தது. கண் சிமிட்டும்போது எடுத்துவிட்டார் போல என்று அடுத்த படத்தைத் திறந்தாள். அதிலும் அப்படி. அடுத்ததிலும். மொத்தம் இருபத்துமூன்று படம். இருபத்துமூன்றிலும் இடது கண் மூடவில்லை.

தாணு வாசலில் நின்றபடி சொன்னார்: “கடக்கரக் காத்துல மணலு விழுந்திருக்கும். அந்தக் கண்ண மட்டும் செரியாக்கிரு.”

வலது கண்ணின் மூடிய இமையை எடுத்து, திருப்பிப் போட்டு, இடது கண்ணின்மேல் வைத்து, ஓரங்களை மெழுகிச் சேர்த்தாள். பத்து நிமிஷ வேலை. சேர்த்துவிட்டுப் பார்த்தாள். அமைதியாகக் கண்மூடி நிற்கும் ஒரு பெண். செசிலி குளியலறைக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு வந்து, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி மத்தியானப் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறவில்லை. தக்கலை பஸ்ஸில் ஏறினாள். நாலு தடவையும் எடுத்த நந்தனாவின் படங்களை, திருத்துவதற்கு முன் இருந்தபடியே அனுப்பச் சொல்லி, முந்தைய சாயங்காலமே தாணுவிடம் போனில் விஷயத்தைச் சொல்லித் தன் போனில் வாங்கி வைத்திருந்தாள். அதற்குத் தாணு, “போ. எனக்க பேரையும் சொல்லு” என்றிருந்தார்.

நாகம்மை வாசலில் நின்று, “ஸ்டுடியோவுல இருந்தா? வா மக்கா, கேறி இரி” என்று அழைத்துப் போய்ச் சாயா போட்டாள். வீட்டில் கல்யாண ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கட்டிலில் துணிகள் பிரித்துக் கிடந்தன. நந்தனா உள்ளேயிருந்து வந்தாள். நேரில் அவள் முகத்தைச் செசிலி பார்ப்பது அதுதான் முதல்தடவை. பவுடருக்கு அடியில் தேமலின் விளிம்பு தெரிந்தது. இடது கண்ணில் நீர் வடிந்துகொண்டிருக்க, கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

“இந்தக் கண்ணு எத்தன நாளா இப்படி இருக்கு?”

“கொஞ்ச நாளாத்தான்க்கா. மொகம் கழுவினா சோப்பு உள்ள போவும். ஒறங்கும்பம் தொறந்துதான் கெடக்குண்ணு அம்மை சொல்லும். கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போறம்லா, அதுனால இருக்கும்.”

“கன்னத்துல தொட்டா தெரியுமா?”

நந்தனா யோசித்தாள். “மேக்கப் போடும்பம் அந்த எடத்துல பிரஷ் வந்தா தெரியாது. ஏன்க்கா?”

செசிலி சொன்னாள். சுற்றி வளைக்காமல், அந்தச் சொல்லையும் சேர்த்தே சொன்னாள். குணமாகும், மருந்து சும்மா கொடுக்கிறார்கள், உடனே காட்ட வேண்டும் என்றாள்.

நாகம்மை சாயா டம்ளரை அவள் கையில் இருந்து வாங்கிக் கீழே வைத்தாள். அதில் பாதி அப்படியே இருந்தது. “எங்க குடும்பத்துல அப்படி ஒரு வியாதி யாருக்கும் வந்ததில்ல. இது தேமலாக்கும். மருந்துக்கடையில களிம்பு வாங்கிப் போட்டுட்டுதான் இருக்கோம். ஒன்ன யாரு அனுப்பினா? இந்தக் கெட்டு நடக்கப்பிடாதுண்ணு யாரு சொல்லி விட்டா?”

“யாரும் அனுப்பல்ல அம்மா. நானாத்தான் வந்தேன்.”

“வந்ததுபோல போயிரு.”

செசிலி எழுந்து வெளியே வந்தாள். பஸ் நிறுத்தம் வரை நடந்து நின்றுகொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நந்தனா துப்பட்டாவால் இடது கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

“அக்கா, நீங்க இத எப்பம் கண்டீங்க?”

நேற்றுத்தான் என்று சொல்லலாம். கடற்கரைப் படத்தில்தான் கண்டேன் என்றால் அவள் நம்புவாள். அதற்குமேல் கேட்க யாரும் இல்லை. அந்தப் பதில் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது.

“மார்ச்சு மாசம்” என்றாள் செசிலி. “தேமல் வளருகது அதுக்கும் முன்னாலயே தெரியும். இன்ன வியாதியா இருக்கும்னு மார்ச்சுல தெரியும். ஒனக்கு ஒருக்க போன் பண்ணினேன். சொல்லப் பேடிச்சு வேற என்னமோ பேசிட்டு வச்சிட்டேன்.”

“பிரேமு கலரு கேட்டியளே, அன்னைக்கா?”

“அன்னைக்குத்தான்.”

நந்தனா ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். “கண்ணு ஆகஸ்டுலதான் இப்படி ஆச்சு” என்றாள். குற்றம் சொல்கிற குரலில் இல்லை. மாதத்தைத் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பது போல இருந்தது. ஒரு பஸ் வந்து நின்று போயிற்று. செசிலி ஏறவில்லை.

“நாளைக்கு எனக்கக்கூட ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு வருவியளா? அம்மைய கூட்டிட்டுப் போனா அங்கயும் அழுதுட்டே இருக்கும்.”

“வாறேன்.”

மறுநாள் ஆஸ்பத்திரியில் கூட்டம் இருந்தது. முறை வந்து உள்ளே போனபோது டாக்டரம்மா பஞ்சால் தொட்டுப் பார்த்தார், முழங்கை நரம்புகளை அழுத்திப் பார்த்தார், கண்ணை மூடச் சொல்லிப் பார்த்தார். தேமல் எப்போது வந்தது என்று கேட்டதற்கு நந்தனாவால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு வருஷம் இருக்கும் என்றாள். செசிலி தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். நாலு நாள், நாலு படம், ஒவ்வொன்றிலும் தேதி.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். “நல்லாப் பதிஞ்சிருக்கே. இது யாரு எடுத்தது?”

“எங்க ஸ்டுடியோவுல.”

நந்தனா எட்டிப் பார்த்தாள். முதல் படத்தில், மணப்பெண் அலங்காரத்தில், அந்த நகமளவுத் தேமலோடு அவள் நின்றாள். தன் படங்களைத் திருத்திய பிறகு மட்டுமே அவள் இதுவரை பார்த்திருக்கிறாள்.

“இத எனக்குக் காட்டவே இல்லியே” என்றாள்.

செசிலி போனை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

மருந்து ஒரு வருஷம் சாப்பிட வேண்டும், நரம்பின் வீக்கத்துக்குத் தனியாக மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து என்று டாக்டரம்மா எழுதினார். மருந்து தொடங்கிவிட்டால் யாருக்கும் பரவாது, கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றார். “கண்ணு சரியாக வாய்ப்பு இருக்கு. முழுசா ஆகும்னு என்னால சொல்ல முடியாது. நரம்பைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி வந்திருந்தா மாத்திரையோட போயிருக்கும்” என்று, எழுதிக்கொண்டே, பொதுவாகச் சொன்னார். செசிலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நந்தனா திரும்பி அவளைப் பார்த்தாளா என்று கடைசிவரை அவளுக்குத் தெரியாது.

அஜினிடம் நந்தனாவே சொன்னாள். அவன் வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. தை மாதக் கல்யாணம் நின்றது. அஜின் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போனான். ஆனால் வேறு பெண் பார்க்கச் சம்மதிக்கவில்லை. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாளைத் தன் அப்பாவிடம் வாசித்துக் காட்டினானாம். அடுத்த ஆவணியில் கோயிலில் வைத்து, அதிகம் பேரை அழைக்காமல் கல்யாணம் நடந்தது. படம் எடுக்க வேறு ஸ்டுடியோவைக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் இருந்த மூன்றடிப் படத்தைத் தாணு எப்போதோ எடுத்து உள்ளே வைத்துவிட்டிருந்தார்.

முதல் நாலைந்து மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் செசிலியும் கூடப் போனாள். அதன்பிறகு நந்தனா, “இனி நான் தனியா போயிக்கிடுவேன்க்கா” என்றாள். அவ்வளவுதான். செசிலி அதன்பின் தொந்தரவு செய்யவில்லை.

தவக்காலத்தில் ஒருநாள் குளச்சல் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். அது என்ன பாவம் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. “சொல்ல வேண்டிய ஒண்ண சொல்லாம இருந்துட்டேன் சாமி. அதுனால ஒரு பிள்ளைக்குக் கேடு வந்துட்டு” என்றாள். சாமியார் அவளைத் தேற்றினார். ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னாள். வீட்டுக்கு நடந்து வரும்போது மனசு முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது.

இப்போது படத்தில் எதையாவது கண்டால் சொல்லிவிடுகிறாள். கழுத்தில் கட்டி போலத் தெரிந்த ஒருவரிடம் சொல்லப்போய், அவர் கோபப்பட்டுப் படத்தையே வாங்காமல் போனார். தாணு, “போனா போட்டும், விடு” என்றார். கண் மஞ்சளாக இருக்கிறது என்று அவள் சொன்ன ஒரு பெண் இரண்டு வாரம் கழித்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அந்த நன்றி செசிலிக்குக் கூச்சமாக இருந்தது. நந்தனாவுக்குச் சேர வேண்டியதைத் தான் வாங்கிக்கொள்வது போல இருந்தது.

போன மாதம் ஒரு காலையில், முன்னாலிருந்து தாணு ஒரு படத்தை அனுப்பினார். விசாவுக்கான படம். திறந்தால் நந்தனா. கணவனோடு மஸ்கட்டுக்குப் போகிறாளாம். தேமல் இருந்த இடம் கொஞ்சம் நிறம் மாறித் தெரிந்தது, அவ்வளவுதான். இடது கண் வலதைவிடச் சற்று இறங்கியிருந்தது. விசாப் படத்தில் முகத்தைத் திருத்தக் கூடாது. செசிலி அளவுக்கு வெட்டி, அச்செடுத்து, உறையில் போட்டு, தானே எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

“சொகமா இருக்கியா?”

“இருக்கேன்க்கா.” நந்தனா உறையில் இருந்து படத்தை வெளியே எடுத்துப் பார்த்தாள். “இந்தக் கண்ணு சின்னதாத் தெரியுது, இல்லியா?”

“கொஞ்சம்.”

“ஒறங்கும்பம் இப்பமும் ஒரு நூலு தொறந்துதான் கெடக்கும். பாதகமில்ல, சொட்டு மருந்து விடுகேன்.”

அந்த நேரம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மாப்பு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நந்தனா மறுத்திருக்க மாட்டாள். போட்டும்க்கா என்று சொல்லியிருப்பாள், அவள் சுபாவம் அப்படி. அதனாலேயே செசிலி கேட்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நந்தனா குடையை விரித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனாள். செசிலி உள்ளே வந்து உட்கார்ந்து, அடுத்த படத்தைத் திறந்தாள்.